தரவுப் பகுப்பாய்வு முதுநிலைப் படிப்பில் மலை மாணவர் சேர்க்கை: கோரிக்கை மனு

அனுப்புநர்:
கொல்லிமலைப் பட்டதாரிகள் மற்றும் பெற்றோர் சங்கத்தினர், செம்மேடு, கொல்லிமலை வட்டம், நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்:
அரசுச் செயலாளர், உயர்கல்வித் துறை, தலைமைச் செயலகம், சென்னை.
இயக்குநர், பழங்குடியினர் நலம், சென்னை.
பதிவாளர், பெரியார் பல்கலைக்கழகம், சேலம்.
மாவட்ட ஆட்சியர், நாமக்கல்.

பொருள்: எம்.எஸ்சி. டேட்டா அனலிட்டிக்ஸ், டேட்டா சயின்ஸ் படிப்புகளின் சேர்க்கை விதிகளில் திருத்தம் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

இட ஒதுக்கீட்டு விகிதத்தை உயர்த்தக் கேட்டு இம்மனுவை நாங்கள் எழுதவில்லை. இருக்கும் ஒதுக்கீடு எங்கள் பிள்ளைகள் கைக்கு வந்து சேர வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள். தரவுப் பகுப்பாய்வு என்ற புதிய துறையில் முதுநிலைப் படிப்புகள் மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் அடுத்தடுத்துத் தொடங்கப்படுகின்றன. பழங்குடியினருக்குச் சட்டம் தந்த 1 சதவீதம் அந்த வகுப்பறையின் வாசலை எட்டும் முன்பே வழியில் கரைந்துபோகிறது. கரைப்பது சட்டம் அன்று. சட்டத்துக்குக் கீழே, பல்கலைக்கழகத்தின் விவரக் குறிப்பேட்டில் சிறிய எழுத்தில் நிற்கும் தகுதி விதிகளும் இடக் கணக்கும்தான். அவற்றைத் திருத்தச் சட்டமன்றம் கூட வேண்டியதில்லை; ஓர் அரசாணையும் பல்கலைக்கழகத்தின் ஒரு தீர்மானமும் போதும்.

முதலில் இடக் கணக்கைப் பார்ப்போம். 69 சதவீத ஒதுக்கீட்டை உறுதிசெய்த 1994-ஆம் ஆண்டின் 45-ஆம் சட்டம் பழங்குடியினருக்கு 1 சதவீதம் வைத்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலப் பழங்குடியினர் 7.95 லட்சம் பேர், அதாவது 1.1 சதவீதம். எனவே சென்னையிலிருந்து பார்த்தால் கணக்கு நேராகவே இருக்கிறது. ஆனால் 100 இடங்கள் உள்ள இடத்தில்தான் 1 சதவீதம் ஓர் ஆளாக உருவெடுக்கும். கணினி ஆய்வகத்தை நம்பி நடக்கும் ஒரு முதுநிலை வகுப்பில் 30 இடம் என்று வைத்துக்கொண்டால் பழங்குடி மாணவருக்குக் கிடைப்பது 0.3 இடம். அந்தப் பின்னத்தை ஒன்றாக எடுப்பதா, பூஜ்ஜியமாக விடுவதா என்பதைப் படிவத்தை நிரப்புகிறவர் தீர்மானிக்கும் நிலை இருக்கக்கூடாது. மத்திய அரசின் நிறுவனங்களில் இதே 30 இடத்துக்கு 7.5 சதவீதக் கணக்கில் இரண்டு இடம் தானாக வந்துவிடுகிறது என்பதையும் ஒப்புநோக்க வேண்டுகிறோம். ஒரே மாணவி, ஒரே பாடம்; நிறுவனம் மாறினால் அவருடைய வாய்ப்பு இரண்டு இடத்திலிருந்து பின்னமாகச் சுருங்குகிறது.

பெரியார் பல்கலைக்கழகத்தைப் பெறுநராகச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. அதன் எல்லைக்குள் வரும் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டங்களில் சேர்வராயன், கல்வராயன், சித்தேரி, கொல்லிமலை என்று மலையாளி பழங்குடியினர் வாழும் மலைகள் வரிசையாக நிற்கின்றன. 2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்திலேயே பழங்குடியினர் அதிகம் வாழ்வது சேலம் மாவட்டத்தில், சுமார் 1.19 லட்சம் பேர். நாமக்கல்லில் சுமார் 57 ஆயிரம், தருமபுரியில் சுமார் 63 ஆயிரம். கிருஷ்ணகிரியையும் சேர்த்துக்கொண்டால் மாநிலப் பழங்குடியினரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இந்த ஒரு பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் இருக்கிறார்கள்; வட்டார மக்கள்தொகையில் அவர்கள் பங்கு சுமார் 3 சதவீதம். மாநிலச் சராசரியை வைத்து வகுத்த விகிதம், பழங்குடியினர் செறிந்து வாழும் இடத்துக்குப் பொருந்துவதில்லை. ஆகவே எந்த முதுநிலை வகுப்பானாலும் பழங்குடியினருக்குக் குறைந்தது ஓர் இடம் என்பதைச் சேர்க்கை அறிவிப்பிலேயே எண்ணால் குறிப்பிட வேண்டும். மலை வட்டங்களைத் தன் எல்லைக்குள் கொண்ட பல்கலைக்கழகங்களில், அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேலாக இரண்டு மிகை இடங்கள் ஏற்படுத்த வேண்டும். ஏற்கெனவே ஓர் இடம் தருவதுதான் நடைமுறை என்று எந்தத் துறையாவது சொன்னால் மகிழ்ச்சி. அதை எழுத்தில் போடுவதில் அவர்களுக்கு இழப்பு எதுவும் இல்லை. மிகை இடம் என்பதும் புதுமை அன்று. வெளிநாட்டு மாணவர்களுக்காக 25 சதவீதம் வரை மிகை இடம் ஏற்படுத்திக்கொள்ளப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022-இல் வழிசெய்திருக்கிறது. கடல் கடந்து வருகிறவருக்குத் திறக்கும் கதவு மலை இறங்கி வருகிறவருக்கும் திறக்கலாம்.

இடம் கிடைத்தாலும் அதில் உட்கார ஆள் வேண்டும் அல்லவா? இங்கேதான் சிக்கலின் வேர் இருக்கிறது. இத்தகைய படிப்புகளுக்கான தகுதி பெரும்பாலும் பட்டத்தின் பெயரை வைத்தே சொல்லப்படுகிறது: பி.எஸ்சி. கணினி அறிவியல், பி.சி.ஏ., கணிதம், புள்ளியியல், பி.இ. என்று ஒரு பட்டியல். பட்டியலில் உங்கள் பட்டத்தின் பெயர் இல்லையென்றால் நீங்கள் என்ன படித்தீர்கள் என்ற கேள்வியே எழாது. ஆனால் ஒரு மலை மாணவர் இளநிலையில் எதைப் படிக்கிறார் என்பதை அவருடைய விருப்பம் மட்டும் முடிவு செய்வதில்லை. மலையடிவாரமான காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே இருக்கும் ஒரு குடும்பம், விடுதி கிடைக்கும் ஊர், அங்குள்ள அரசுக் கல்லூரி, அந்தக் கல்லூரியில் இருக்கும் பாடப்பிரிவு, அதில் மிஞ்சும் இடம் ஆகியவற்றை வைத்தே முடிவெடுக்கிறது. அப்படிக் கிடைப்பது பலருக்கும் பொருளியலும் வணிகவியலும் வரலாறும்தான். பதினேழு வயதில் பிறர் வகுத்த சூழல் தந்த பட்டத்தை, இருபது வயதில் அவருடைய அறிவின் எல்லையாகக் கொள்வது நியாயமா?

கல்வி நோக்கில் பார்த்தாலும் இந்தப் பட்டியல் சரியான அளவுகோல் அன்று. பி.ஏ. பொருளியலிலும் பி.காமிலும் புள்ளியியல் தாள் உண்டு. சராசரி, திட்டவிலக்கம், ஒட்டுறவு, தொடர்புப் போக்கு, குறியீட்டெண் எல்லாம் அங்கே நடத்தப்படுகின்றன. மேல்நிலை வகுப்பிலேயே வணிகக் கணிதமும் புள்ளியியலும் ஒரு பாடமாக இருக்கிறது. தரவுப் பகுப்பாய்வின் முதல் பருவம் இவற்றின் மேல்தான் எழுகிறது. இந்திய ஆட்சிப்பணித் தேர்வு எழுதுவதற்கு எந்தப் பட்டமும் போதும் என்றிருக்கும் நாட்டில், ஒரு முதுநிலை வகுப்பில் சேரும் தகுதி அதைவிடக் குறுகலாக இருப்பது விந்தைதான். இத்துறையின் வரலாறும் எங்கள் பக்கமே பேசுகிறது. 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மகாலனோபிஸ் படித்தது இயற்பியல். வங்கத்தின் சணல் விளைச்சலை மாதிரிக் கணக்கெடுப்பால் மதிப்பிட்ட அவரை, பட்டத்தின் பெயரை மட்டும் பார்க்கும் விவரக் குறிப்பேடு ஒன்று விண்ணப்ப நிலையிலேயே திருப்பி அனுப்பியிருக்கக்கூடும்.

ஆகவே நாங்கள் கேட்பது: எந்த இளநிலைப் பட்டமானாலும் அதிலோ மேல்நிலை வகுப்பிலோ கணிதம், வணிகக் கணிதம், புள்ளியியல் ஆகியவற்றில் ஒன்றைப் படித்துத் தேறியவர் விண்ணப்பிக்கலாம் என்று விதி மாற வேண்டும். அப்படி வருகிறவர்களுக்கு முதல் பருவத்துக்கு முன்பு எட்டு அல்லது பத்து வார இணைப்புப் பயிற்சி வேண்டும். அணிகள், நிகழ்தகவு, பைத்தான் அடிப்படை, தரவுத்தளத்தில் கேள்வி எழுதும் எஸ்.க்யூ.எல். ஆகியவை அதில் இடம்பெறட்டும். பயிற்சியின் முடிவில் துறையே தேர்வு வைக்கட்டும். தேறியவர் முதல் பருவத்துக்குப் போகட்டும்.

தரம் தாழ்ந்துவிடும் என்ற மறுப்பு வரும். பொறுப்புள்ள ஆசிரியர்கள் எழுப்பும் கேள்வி இது. நாங்கள் அதை ஒதுக்கவில்லை. நேரியல் இயற்கணிதம் தெரியாத மாணவர் இயந்திரக் கற்றல் தாளில் திணறுவார்; மதிப்பெண்ணுக்காக அவரைத் தள்ளிவிட்டால் வேலைவாய்ப்பு நேர்காணலில் அது வெளிப்பட்டுவிடும். ஆனால் இந்த மறுப்பு ஆயத்தம் வேண்டும் என்பதைத்தான் நிறுவுகிறது. வாசலை மூட வேண்டும் என்பதை நிறுவவில்லை. ஆயத்தம் தந்து சோதிக்கும் முறைக்குச் சான்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பில் ஜே.இ.இ. மதிப்பெண் கட்டாயம் இல்லை. மேல்நிலையில் கலைப்பிரிவு எடுத்தவரும் சேரலாம். பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால், நான்கு வாரப் பாடத்தைப் படித்து, அந்தப் பாடத்திலேயே தகுதித் தேர்வு எழுதி உள்ளே போகலாம். முதலில் கற்றுக்கொடு, பிறகு சோதி என்பதே அதன் அடிப்படை. ஐ.ஐ.டி.யின் பெயரையே பணயம் வைத்துச் செய்யக்கூடிய ஒன்றை மாநிலப் பல்கலைக்கழகம் செய்யத் தயங்க வேண்டியதில்லை.

இதையொட்டி இன்னொரு ஐயமும் எழலாம். யு.ஜி.சி. 2024-இல் வெளியிட்ட முதுநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பு, இளநிலையில் எதைப் படித்திருந்தாலும் நுழைவுத் தேர்வில் தேறினால் வேறு துறையில் முதுநிலை சேரலாம் என்கிறது. அப்படியானால் பயிற்சியின் முடிவில் தேர்வு கேட்கும் நாங்கள் சுற்றிவளைத்து நுழைவுத் தேர்வைக் கொண்டுவருகிறோமா? இல்லை. தொழிற்கல்விச் சேர்க்கையில் பொது நுழைவுத் தேர்வை நீக்கிய 2006-ஆம் ஆண்டுச் சட்டம் நகரத்துப் பயிற்சி மையங்களுக்கும் கிராமத்துப் பள்ளிகளுக்கும் இடையே இருந்த பள்ளத்தைக் கருதி வந்தது. அந்த நியாயம் மலைக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். நுழைவுத் தேர்வு, பல்கலைக்கழகம் கற்பிக்காததைக் கேட்கிறது. இணைப்புப் பயிற்சியின் முடிவில் வரும் தேர்வு, பல்கலைக்கழகமே கற்பித்ததைக் கேட்கிறது.

பழங்குடியினரிடமிருந்து விண்ணப்பமே வருவதில்லை, இடம் காலியாகத்தான் கிடக்கும் என்பது அடுத்து வரக்கூடிய வாதம். தகுதிப் பட்டியலால் பலரை விண்ணப்பிக்க விடாமல் செய்துவிட்டு, விண்ணப்பம் இல்லை என்று கணக்குக் காட்டுவதை எந்தப் புள்ளியியல் ஆசிரியரும் தம் மாணவரிடம் ஏற்கமாட்டார். மாதிரித் தேர்விலேயே பிழை என்று சிவப்பு மையால் சுழிப்பார். திறமை இல்லை என்பதும் நிற்காது. 2024-இல் திருச்சி, சேலம் மாவட்ட மலைகளின் அரசுப் பழங்குடியினர் பள்ளிகளில் படித்த மாணவியர் ஜே.இ.இ. எழுதித் திருச்சி என்.ஐ.டி.யில் சேர்ந்தார்கள். எங்கள் மலையிலும் செங்கரை ஏகலைவா பள்ளியும் அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளும் இருக்கின்றன. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் எந்தக் காரணத்தால் நிராகரிக்கப்பட்டார்கள், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்பதை ஒவ்வொரு துறையும் சமூகப் பிரிவு வாரியாக ஆண்டுதோறும் இணையதளத்தில் வெளியிட வேண்டும். பிறர் தரவைப் பகுத்தாயக் கற்றுத்தரும் துறை தன் சேர்க்கைத் தரவை மறைத்து வைப்பது அழகல்ல.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். இந்தப் படிப்புகள் பல இடங்களில் சுயநிதிப் பிரிவில் நடப்பதால் கட்டணம் கூடுதல்; மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாத பழங்குடிக் குடும்பங்களுக்கு உண்டு என்றாலும், அது கைக்கு வருவது சேர்ந்த பிறகு. காப்பியும் மிளகும் காசாகும் மாதங்கள் டிசம்பர் முதல் மார்ச் வரை. சேர்க்கைக் கட்டணம் கேட்கப்படுவதோ ஜூன், ஜூலையில். இடைப்பட்ட காலத்துக்கு வட்டிக்குத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயும் இளநிலையோடு நின்றுவிடுகிறது. 2021-இல் தொழிற்கல்வியில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு தந்து, கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றது நினைவிருக்கும். அந்தக் கை முதுநிலை வரை நீளவில்லை. தகுதியுள்ள பழங்குடி மாணவரிடம் சேர்க்கையின்போது எந்தக் கட்டணமும் கேட்கக்கூடாது. உதவித்தொகையைத் துறைகள் தங்களுக்குள் நேர்செய்துகொள்ள வேண்டும். சாதிச் சான்றிதழின் மெய்த்தன்மை பார்ப்பது அவசியம்தான். அதை மாணவர் சேர்ந்து படித்துக்கொண்டிருக்கும்போதே செய்யலாம். இளநிலைத் தேர்வு முடிவு வெளியான நாளிலிருந்து 15 நாளாவது விண்ணப்பிக்க அவகாசம் வேண்டும். அந்த நாட்களில் செம்மேட்டில் பல்கலைக்கழக அலுவலர் ஒருவர் இருக்கும் உதவி மையம் வேண்டும். ஆடியில் எங்கள் மலையில் நடக்கும் வல்வில் ஓரி விழாவுக்கு அரசுத் துறைகள் மலையேறி அரங்கு அமைக்கின்றன. அதற்குள் சேர்க்கை முடிந்திருக்கும்.

பழங்குடியினருக்கு மட்டும் ஏன் இத்தனை சலுகை என்று சமவெளி மாணவர் கேட்டால் எங்கள் பதில் இது: குறைந்தபட்ச ஓர் இடமும் மிகை இடமும் கட்டண விலக்கும் மட்டுமே பழங்குடியினருக்கானவை. தகுதி விதித் திருத்தமும் இணைப்புப் பயிற்சியும் சேர்க்கைத் தரவு வெளியீடும் அரூரில் பொருளியல் படிக்கும் மாணவிக்கும், ராசிபுரத்தில் பி.காம். முடித்தவருக்கும் பொதுவானவை. மிகை இடத்தால் யாருடைய இடமும் பறிபோவதில்லை.

இவற்றில் தகுதி விதியும் இணைப்புப் பயிற்சியும் கல்விக்குழுவின் ஒப்புதலுக்கு உரியவை என்பதால், அடுத்த கல்வியாண்டுக்கான விவரக் குறிப்பேடு அச்சாகும் முன்னர் கூடும் கூட்டத்திலேயே அவற்றைப் பொருள்நிரலில் வைக்கும்படி பதிவாளரைக் கேட்டுக்கொள்கிறோம். மிகை இடத்துக்கும் கட்டணத்துக்கும் உரிய அரசாணைக்கான முன்மொழிவை உயர்கல்வித் துறையும் பழங்குடியினர் நல இயக்குநரகமும் கலந்து தயாரிக்க வேண்டும். செம்மேடு உதவி மையத்துக்கு இடமும் இணைய இணைப்பும் ஒதுக்குவது மாவட்ட ஆட்சியரின் அதிகாரத்துக்குள்ளேயே இருக்கிறது. ஏற்கப்படும் கோரிக்கை எது, மறுக்கப்படுவது எது, மறுப்புக்குக் காரணம் என்ன என்பதைச் சங்கத்துக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
செம்மேடு, கொல்லிமலை.