வளைத்தால் விழிக்கும் காந்தம்

1970-ல் நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி நீல், தன் உரையில் ஒளிவுமறைவின்றி ஒன்றைச் சொன்னார்: ஆன்டிஃபெரோ காந்தங்கள் கோட்பாட்டளவில் மிகவும் சுவாரசியமானவை, ஆனால் நடைமுறை உபயோகம் இருப்பதாகத் தெரியவில்லை. அந்தப் பொருள்களை உலகுக்கு விளக்கியவரே அவர்தான்.

காரணம் இருந்தது. காந்தப் பொருளில் ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டிக் காந்தம். இரும்பில் இவை ஒரே திசையில் அணிவகுக்கும். ஆன்டிஃபெரோ பொருளில் ஓர் அணு மேல் நோக்கினால் பக்கத்து அணு கீழ் நோக்கும். வரவும் செலவும் நேராகி, மிச்சம் பூஜ்யம். குண்டூசியைக்கூட இழுக்காது.

பின்னாளில் ஹார்டு டிஸ்கைப் படிக்கும் கருவியில் இவற்றுக்குத் துணைப் பாத்திரம் கிடைத்தது. இப்போது தகவலையே இவற்றில் பதிக்க முயற்சி நடக்கிறது. வெளியே காந்தப்புலம் கசியாததால் அருகருகே இருக்கும் பதிவுகள் ஒன்றையொன்று கெடுக்காது. வெளிக்காந்தம் பட்டாலும் சுலபத்தில் அழியாது.

குறுக்கே நிற்பது வெப்பம். பச்சை பெயின்ட்டில் சேரும் குரோமியம் ஆக்ஸைடு இந்த வகைதான். சுமார் 35 டிகிரி செல்சியஸிலேயே அதன் அணிவகுப்பு கலைந்துவிடும். மே மாத நாக்பூரைத் தாங்காத பொருள், சூடேறும் சர்க்யூட்டை எப்படித் தாங்கும்?

விடை வளைவில் இருக்கிறது. பிளாஸ்டிக் ஸ்கேலை வளைத்தால் வெளிப்பக்கம் நீளும், உட்பக்கம் சுருங்கும். இடையில் படிப்படியாக மாறும். இந்தப் படிப்படியான மாற்றத்துக்குத் திரிபுச் சரிவு என்று பெயர். அணுக்களின் இடைவெளி மாறினால் காந்தப் பிணைப்பும் மாறும். அடுக்குக்கு அடுக்கு இடைவெளி வேறுபட்டால் வரவும் செலவும் நேராகாது. மிச்சம் விழும்.

தடிமனான பொருளில் இது தெரியாது. ஆனால் 1 செ.மீ. தடிமனில் பரவும் திரிபு வித்தியாசத்தை 50 நானோமீட்டரில் அடக்கினால் சரிவு 2 லட்சம் மடங்காகும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆராய்ச்சியாளர்களும் சகாக்களும் அந்தத் தடிமனில் செய்த குரோமியம் ஆக்ஸைடு படலம், 100 டிகிரி வரை ஒழுங்கைக் காப்பாற்றியது. முடிவு 2022-ல் வெளியானது.

அதற்கு முந்தைய ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழு காடோலினியம், பிளாட்டினம், ஆன்டிமனி கலந்த படலத்தைச் சுருக்கம் விழச் செய்தது. ஆன்டிஃபெரோ பொருளான அது, அறை வெப்பத்திலேயே காந்தமாக நடந்துகொண்டது. சீரான இழுவிசை மட்டுமே இதற்குக் காரணமாக முடியாது என்று கணக்கீடுகள் காட்டின.

கடைக்கு வர இன்னும் தூரம் இருக்கிறது. கோடிக்கணக்கான நுண்பகுதிகளில் ஒரே அளவு திரிபை உண்டாக்க வேண்டும். மின்சாரத்தால் எழுதவும் படிக்கவும் வேண்டும். நீல் 2000-ல் காலமானார். அவர் கைவிரித்த பொருளுக்கு வேலை தேடுகிறவர்கள், முதலில் அதை வளைத்துப் பார்க்கிறார்கள்.