சான்றிதழ் யாருக்கு, ‘மக்கு’ப் பட்டம் யாருக்கு?

ஒரே மாதிரித் திணறும் இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை சென்னையில் பெரிய தனியார் பள்ளியில் படிக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்க முடியவில்லை என்று தெரிந்ததும் பெற்றோர் உளவியலாளரிடம் போகிறார்கள். கட்டணம் கட்டி, நாலைந்து முறை அலைந்து, ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்று சான்றிதழ் வாங்குகிறார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அந்தப் பிள்ளைக்குக் கூடுதல் நேரம் உண்டு, சொல்வதை எழுத ஆள் உண்டு, மொழிப்பாடம் ஒன்றிலிருந்து விலக்கும் உண்டு. இதில் தவறொன்றும் இல்லை. அது அந்தப் பிள்ளையின் உரிமை.

இன்னொரு பிள்ளை பாலசமுத்திரத்தில் எங்கள் தெருவில் இருக்கிறது. அதற்குக் கிடைப்பது கடைசி பெஞ்சும், ‘மக்கு’ என்ற பட்டமும்.

பழனி வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் முதல் தலைமுறைப் பிள்ளைகள் எப்படிப் படிக்கக் கற்கிறார்கள் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. எங்கள் தெரு அருந்ததியர் தெரு. வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ், பாடப்புத்தகத்தில் வேறொரு தமிழ். இதைச் சொல்லிவிட்டுத்தான் அந்தப் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆறாம் வகுப்பு படிக்கிறான். அப்பா தேங்காய் லோடு ஏற்றுகிறவர். லோடுக்கு எத்தனை காய், ஆயிரம் காய்க்கு என்ன கூலி, ஐந்து பேர் பிரித்தால் ஆளுக்கு எவ்வளவு என்று காகிதம் இல்லாமல் சொல்லிவிடுவான். ஒரு கதையை ஒருமுறை கேட்டால் போதும், வரிசை மாறாமல் திருப்பிச் சொல்வான். ஆனால் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் ஒவ்வோர் எழுத்தாகத் தடவுகிறான். வரியின் கடைசிக்கு வரும்போது முதல் சொல் மறந்துபோகிறது. ‘கொடி’ என்று எழுதச் சொன்னால் ககரத்தை முதலில் எழுதிவிட்டு, அப்புறம் நினைவு வந்து கொம்பை இடுக்கில் சொருகுகிறான். வாய் முதலில் சொல்வது ஒன்று, கை முதலில் எழுத வேண்டியது இன்னொன்று. தமிழ் எழுத்தின் இந்த ஏற்பாட்டைப் பெரும்பாலான பிள்ளைகள் இரண்டாம் வகுப்புக்குள் தாண்டிவிடுகிறார்கள். இவன் தாண்டவில்லை.

அவனுடைய ஆசிரியர் கெட்டவர் அல்லர். பொறுமையாகத்தான் என்னிடம் சொன்னார்: “தம்பி, அவங்க வீட்ல எல்லாருமே அப்படித்தான். அவன் அக்காவும் இதே மாதிரிதான் இருந்துச்சு.” அந்த அக்கா ஒன்பதாம் வகுப்போடு நின்று, இப்போது வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைக்குப் போகிறது.

இந்த ஒரு வாக்கியம் என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. ஏனென்றால் வாசிப்புக் குறைபாடு குடும்பவழி வரக்கூடியது என்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி. அக்காவுக்கு இருந்தால் தம்பிக்கும் இருக்க வாய்ப்பு அதிகம். சென்னை மருத்துவமனையில் இதே வாக்கியத்தைச் சொன்னால், ‘குடும்ப வரலாறு உண்டு’ என்று கோப்பில் எழுதிக்கொள்வார்கள், அது நோயறிதலுக்கு ஒரு சான்றாகும். எங்கள் ஊரில் அதே வாக்கியம் சாதியின் குணம் பற்றிய தீர்ப்பாகிவிடுகிறது. ஆசிரியர் கண்டுபிடித்துவிட்டார், தான் கண்டுபிடித்தது என்னவென்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகை ஊனங்கள்தான் இருந்தன. கற்றல் குறைபாடு அந்தப் பட்டியலில் இல்லை. 2016இல் நிறைவேறி 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்றுக்கொண்டது, அதில் கற்றல் குறைபாடும் ஒன்று. அதன் 16ஆவது பிரிவு, பிள்ளைகளின் கற்றல் குறைபாட்டை முடிந்த அளவு சீக்கிரமாகக் கண்டறிந்து அதற்கேற்ற கற்பித்தல் முறைகளை மேற்கொள்ளும் கடமையைக் கல்வி நிறுவனங்கள் மீது வைக்கிறது. 17ஆவது பிரிவு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளைக் கணக்கெடுத்து மாற்றுத்திறன் உள்ளவர்களை அடையாளம் காணச் சொல்கிறது. முதல் கணக்கெடுப்புக்கு இரண்டாண்டு கெடு வைத்தது.

ஆக, கண்டுபிடிக்க வேண்டியது பள்ளியும் அரசும்தான். கூலிக்குப் போகும் அம்மா அல்லர். நடைமுறை இதைத் தலைகீழாக்கிவிட்டது.

2018 ஜனவரியில் ஒன்றிய அரசு வெளியிட்டு, 2024 வரை நடப்பில் இருந்த மதிப்பீட்டு வழிகாட்டுதலைப் பாருங்கள். மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில் ஆசிரியர் முதற்கட்டமாகச் சோதிக்க வேண்டியிருந்தது. சந்தேகம் இருந்தால் குழந்தை மருத்துவர் கண்ணையும் காதையும் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு உளவியலாளர் நுண்ணறிவு ஈவு எடுக்க வேண்டியிருந்தது. அது 85க்கு மேல் இருந்தால்தான் அடுத்த படியான வாசிப்பு, எழுத்து, கணக்குச் சோதனை. சான்றிதழை எட்டு வயதில் வாங்கி, 14லும் 18லும் புதுப்பிக்க வேண்டியிருந்தது.

அந்த 85 என்ற எண்ணில்தான் சாதி உட்கார்ந்திருந்தது. நுண்ணறிவு ஈவின் கணக்கே சராசரி 100 என்று வைத்துப் போடப்படுவது. 70க்குக் கீழே இருந்தால் அறிவுசார் குறைபாடு, 85க்கு மேல் இருந்தால் கற்றல் குறைபாட்டுக்கான சோதனை. நடுவில் இருப்பவர்? அந்தக் கணக்கின்படியே நூற்றுக்கு சுமார் 14 பேர் 70க்கும் 85க்கும் இடையில் வருவார்கள். அவர்களுக்கு இரண்டு கதவும் இருக்கவில்லை. சோதனையில் என்ன கேட்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். வழிகாட்டுதல் பெயர் சொன்ன சோதனைகளில் ஒன்று, அமெரிக்கச் சோதனையொன்றைத் தழுவி 1960களில் நாகபுரியில் மாலின் என்பவர் உருவாக்கியது. சொல்வளமும் பொது அறிவும் அதில் தனிப் பகுதிகள். வீட்டில் புத்தக அலமாரி இருக்கிற பிள்ளையும், வீட்டில் வேறு மொழி பேசுகிற சேரிப் பிள்ளையும் இதற்கு ஒரே மாதிரி பதில் சொல்ல முடியுமா?

இதையும் தாண்டி வந்தால் இன்னொரு தடை. மனநல நிபுணர்கள் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடு (அதன் ஐந்தாம் பதிப்பு) ஒரு நிபந்தனை வைக்கிறது: திணறலுக்குக் காரணம் சமூகப் பாதகச் சூழலாகவோ, போதிய கற்பித்தல் இல்லாததாகவோ, பயிற்றுமொழி சரியாகத் தெரியாததாகவோ இருந்தால் அது கற்றல் குறைபாடு ஆகாது. எங்கள் தெருவுக்கு மூன்றும் பொருந்தும். அதாவது ஒடுக்கப்பட்டவர் வீட்டுப் பிள்ளை என்பதே, அவனுக்குக் குறைபாடு இல்லை என்று சொல்லப் போதுமான காரணமாகிவிடுகிறது. வறுமையும் வாசிப்புக் குறைபாடும் ஒரே தலையில் விழாது என்று யார் சொன்னது? இந்த விலக்கு நம் சட்டத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள். 2016 சட்டத்தின் அட்டவணை, மொழியைக் கையாள்வதில் உள்ள குறையால் படிக்க, எழுத, கணக்குப் போடச் சிரமப்படுவதைக் கற்றல் குறைபாடு என்கிறது. வீட்டின் வருமானத்தை அது கேட்கவில்லை.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ‘கற்றல் குறைபாடு’ என்ற பெயரை 1963இல் அமெரிக்காவில் சாமுவேல் கிர்க் பரப்பினார். கிறிஸ்டின் ஸ்லீட்டர் 1986இல் எழுதிய கட்டுரையில் அந்தக் காலத்தைத் திரும்பிப் பார்த்து ஒன்றைச் சொன்னார்: படிப்பில் பின்தங்கிய வெள்ளை நடுத்தர வர்க்கப் பிள்ளைகளுக்கு இந்தப் புதிய, கௌரவமான பெயர் கிடைத்தது, கறுப்பினப் பிள்ளைகளுக்கு ‘மனவளர்ச்சி குன்றியோர்’ என்ற பழைய பெயரே மிஞ்சியது. கலிஃபோர்னியாவில் கறுப்பினப் பெற்றோர் தொடுத்த ‘லாரி பி.’ வழக்கில் 1979இல் நீதிமன்றம், நுண்ணறிவு ஈவுச் சோதனையை வைத்து அவர்களின் பிள்ளைகளை அத்தகைய தனி வகுப்புகளில் தள்ளுவது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது.

அங்கே தனி வகுப்பு. இங்கே வகுப்பே இல்லாமல் ஆலைக்கு அனுப்பிவிடுகிறோம். தேர்ச்சி விழுக்காடு குறையும் என்று பத்தாம் வகுப்புக்கு முன்பே பிள்ளையை ‘வேறு ஏதாவது’ பார்க்கச் சொல்லும் பள்ளிகளை இந்தப் பக்கத்தில் யாரும் விரல் நீட்டிக் காட்டுவார்கள். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் படிப்புத் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்து, அடுத்த ஆண்டே திரும்பப் பெற வைத்த மண் இது. வாசிக்க முடியாத பிள்ளையை அப்பன் தொழிலுக்கே திருப்பி அனுப்புவதற்கு மட்டும் எந்தத் திட்டமும் தேவைப்படவில்லை.

இதை நான் பேசும்போது தோழர்கள் சிலர் கேட்கிறார்கள்: “பள்ளியின் தோல்வியை நம் பிள்ளைகளின் மூளையில் கொண்டுபோய் வைக்கப் பார்க்கிறாயா? சேரிப் பிள்ளைகளை எல்லாம் ஊனமுற்றவர் என்று முத்திரை குத்தவா?” நியாயமான அச்சம்தான், லாரி பி. வழக்கே அதற்குச் சாட்சி. ஆனால் முத்திரைக்குப் பயந்து கண்டறிதலையே வேண்டாம் என்றால், ஏற்கெனவே குத்தப்பட்டிருக்கும் ‘மக்கு’ முத்திரை அப்படியே நிற்கும். பார்வை குறைந்த பிள்ளைக்குக் கண்ணாடி போடுவதை யாரும் சாதி இழிவு என்று சொல்வதில்லை. கேள்வி, கண்டறிந்த பிறகு பிள்ளையை எங்கே உட்கார வைக்கிறோம் என்பது. அதே வகுப்பில், கூடுதல் உதவியோடு என்பதுதான் 2016 சட்டம் பேசும் உள்ளடக்கிய கல்வி.

சான்றிதழுக்காக உதவியை நிறுத்திவைக்கச் சட்டமும் சொல்லவில்லை. 40 விழுக்காடு என்ற அளவுகோல் இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்குத்தான். 16ஆவது பிரிவின் கடமைக்கு அந்த அளவுகோல் கிடையாது. எழுதுவதில் சிரமம் உள்ள விகாஷ் குமார் என்ற தேர்வரின் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: 40 விழுக்காட்டைத் தொடாதவருக்கும் தேர்வில் எழுத ஆள் பெறும் உரிமை உண்டு.

வழியும் நம் கையிலேயே இருக்கிறது. ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறார்கள். நன்றாகச் சொல்லிக்கொடுத்தும் ஒரு பிள்ளை ஓராண்டுக்கும் மேலாக அரும்பிலேயே நிற்கிறது என்றால், அதுவே மணி அடிக்க வேண்டிய இடம். நுண்ணறிவு ஈவைக் கொண்டு தொடங்க வேண்டியதில்லை. அமெரிக்காவே 2004இல் சட்டத்தைத் திருத்தி, கூடுதல் கற்பித்தலுக்குப் பிள்ளை எப்படிப் பதில் தருகிறது என்பதை வைத்துக் கண்டறியலாம் என்று ஏற்றுக்கொண்டது. சோதனையும் தமிழுக்கேற்றதாக இருக்க வேண்டும். எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒத்துப்போகும் மொழியில் வாசிப்புக் குறைபாடு தப்பும் தவறுமாக வெளிப்படுவதைவிட மந்தமான வேகமாகவே அதிகம் வெளிப்படும். தப்பை மட்டும் எண்ணும் ஆங்கிலவழிச் சோதனை எங்கள் பையனைத் தவறவிட்டுவிடும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளை, அதிலும் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகளைச் சேர்த்து இதன் அளவுகளை வகுக்கத் தமிழ்நாட்டில் பல்கலைக்கழகங்களுக்குப் பஞ்சமில்லை.

ஆள் வேண்டும் என்பது உண்மை. தொடக்கநிலையில் சிறப்புத் தேவையுள்ள பத்துப் பிள்ளைக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பிள்ளைக்கு ஒருவர் என்ற விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் வலியுறுத்தியது. 2025 மார்ச்சில் மாநிலங்களை நிரந்தரப் பணியிடங்கள் உருவாக்கச் சொன்னது. இங்கே சிறப்பாசிரியர்கள் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின் பணத்தில், தொகுப்பூதியத்தில், வட்டார வள மையத்திலிருந்து ஊர் ஊராகப் போகிறார்கள். பி.எம்.ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25க்கான சுமார் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்குத் தராமல் நிறுத்தியதே, அது இந்தத் திட்டத்துப் பணம்தான். ஒன்றிய அரசைக் கண்டிப்பது சரி. அதற்காக, நிரந்தரப் பணியிடம் உருவாக்காத பொறுப்பிலிருந்து மாநில அரசு நழுவிவிட முடியாது.

பாலசமுத்திரத்திலிருந்து திண்டுக்கல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சுமார் 60 கிலோமீட்டர். ஒரு நாள் கூலி போக, பேருந்துச் செலவு போக, மூன்று முறை வரச் சொன்னால் எங்கள் தெருவில் யாரும் போக மாட்டார்கள், போகவும் முடியாது. மதிப்பீடு பழனியிலேயே, பள்ளி வேலை நாளில், மாதந்தோறும் நடக்க வேண்டும். பாதி நாள் முகாமில் வரிசையில் நிற்கும் பிள்ளையைப் பார்த்து கால் ஊனத்தைச் சொல்லலாம், வாசிப்புக் குறைபாட்டைச் சொல்ல முடியாது.

இந்த மாதம் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு ஒன்று அனுப்புகிறேன். திண்டுக்கல் மாவட்டத்தில் 2018 முதல் ஆண்டுதோறும் கற்றல் குறைபாட்டுக்காக எத்தனை பிள்ளைகள் மதிப்பிடப்பட்டார்கள், எத்தனை பேருக்குச் சான்றிதழ் கிடைத்தது, அவர்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர், பட்டியல் சாதி, அருந்ததியர், பழங்குடிப் பிள்ளைகள் எத்தனை பேர், பொதுத்தேர்வுச் சலுகை யார் யாருக்குப் போனது என்று கேட்டிருக்கிறேன். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இருக்கும் தோழர்கள் தங்கள் மாவட்டத்துக்கும் இதையே கேட்கலாம். மனுவின் நகல் வேண்டுவோருக்குத் தருகிறேன்.