சீசன் செத்தது, நஷ்டம் யார் தலையில்?



"கொரோனாக் காலத்தில் யாருக்குத்தான் நஷ்டமில்லை? முதலாளிக்கும் நஷ்டம், தொழிலாளிக்கும் நஷ்டம். இதில் வர்க்கம் எங்கே வந்தது?" என்று சிலர் இன்றும் கேட்கிறார்கள். ராஜபாளையத்து மில் வாசலிலும் இந்தப் பேச்சு நடக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் வயல் வரப்பிலும் நடக்கிறது. கேட்க நியாயம் போலத் தோன்றும். கணக்கைப் பார்த்தால் பொய் என்று தெரியும்.

நமக்குத் தெற்கே, தென்காசியைத் தாண்டினால் குற்றாலம். ஆனி, ஆடி, ஆவணி மாதச் சாரல்தான் அந்த ஊருக்கு வருஷ ஜீவனம். அந்தச் சில மாதங்களில் லாட்ஜுக்காரர் லாபம் பார்க்கிறார். அறை கூட்டும் பெண், ஓட்டலில் இலை எடுக்கும் பையன், எண்ணெய் தேய்த்து விடுகிறவர், பழம் விற்கும் பாட்டி, வேன் டிரைவர் ஆகியோர் மீதி மாதக் கஞ்சிக்கு வழி தேடிக்கொள்கிறார்கள். 2020-லும் 2021-லும் சாரல் வந்தது, அருவி விழுந்தது, குளிக்க ஆளில்லை. இரண்டு சீசனும் அடைப்பு. ஊட்டியில் மலர்க் காட்சிக்கு ஜனங்கள் போகவில்லை. நம் சதுரகிரி மலைப் பாதையை அடைத்தார்கள். ஆண்டாள் கோவில் ஆடிப்பூரத் தேர் ரதவீதியில் ஓடவில்லை. தேர் ஓடாவிட்டால் பால்கோவாக் கடையில் கிண்டுகிறவருக்கும் கூலி ஓடாது.

அடைத்தது தப்பா? இல்லவே இல்லை. ஆஸ்திரியா தேசத்தில் இஷ்கிள் என்றொரு மலையூர். வசதியுள்ளவர்கள் பனியில் சறுக்கி விளையாடப் போகும் ஊர். 2020 மார்ச் 7-ஆம் தேதி அங்கே மதுக்கடை ஊழியர் ஒருவருக்குத் தொற்று உறுதியாயிற்று. பள்ளத்தாக்கை அடைத்தது 13-ஆம் தேதி. இடையில் அங்கிருந்து ஊர் திரும்பியவர்கள் பல நாடுகளுக்கு நோயைச் சுமந்து சென்றார்கள். அதிகாரிகள் பிந்திவிட்டார்கள் என்று விசாரணைக் குழுவே அந்த அக்டோபரில் சொல்லிற்று. ஆகவே அடைப்பு அவசியம். நம் கேள்வி வேறு: அடைப்பின் செலவை யார் சுமந்தது?

அமெரிக்காவில் பனிச்சறுக்கு மலைகளை நடத்தும் பெரிய கம்பெனி வேல் ரிசார்ட்ஸ். 2020 மார்ச் நடுவில் மலைகளை மூடியது. ஏப்ரலில், அந்நாட்டில் மணிக்கூலிக்கு உழைத்த ஏறக்குறைய எல்லோரையும் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பியது. மே மாதத்தில் கடன் பத்திரம் விற்று 60 கோடி டாலர் திரட்டியது. கம்பெனிக்குக் கடன் கதவு திறந்தது. கூலிக்காரனுக்கு வேலைக் கதவு மூடியது. பெரிய முதலாளி நஷ்டத்தைத் தாண்டும் விதம் இதுதான்.

இங்கே என்ன நடந்தது? 2020 மார்ச் முதல் ஆகஸ்டு வரை கடன் தவணை கட்டாமல் தள்ளிப் போடலாம் என்றது ரிசர்வ் வங்கி. அந்நாளில் கடன் கட்டத் தவறிய கம்பெனியைத் திவால் கோர்ட்டுக்கு இழுக்கும் ஷரத்து ஒரு வருஷம் நிறுத்தி வைக்கப்பட்டது. 2020 மே மாதத்தில் 3 லட்சம் கோடி ரூபாய்க்கு சர்க்காரே ஜாமீன் நின்றது. 2021 மார்ச்சில் ஓட்டல், சுற்றுலாத் தொழில்களுக்கும் தனியாக அந்தக் கதவைத் திறந்தது. சிறு லாட்ஜுக்காரர் மூச்சுவிட்டதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் வங்கிப் புத்தகத்தில் கடனே இல்லாத அறை கூட்டும் பெண்ணுக்கு எந்தத் தவணையை நீட்டித்தார்கள்?

அவளுக்கும் ஒரு உத்தரவு வந்தது. 2020 மார்ச் 29-இல், அடைப்புக் காலத்துக்கு முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்றது மத்திய சர்க்கார். மே 18-இல் அதுவே வாபஸாயிற்று. ஜூன் 12-இல் சுப்ரீம் கோர்ட்டு, முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்றது. சங்கமில்லாத லாட்ஜுத் தொழிலாளி தனியாக நின்று யாரிடம் பேசுவது? ரேஷன் கார்டுக்கு 2020-இல் மாநில சர்க்கார் கொடுத்தது 1,000 ரூபாய். 2021-இல் 4,000 ரூபாய். அது உதவி, சம்பளம் அல்ல.

மில் தோழர்களே, இது உங்கள் கதையும்தான். லே-ஆப் செய்தால் பாதிச் சம்பளம் தர வேண்டும் என்ற உரிமை 1953-இல் சட்டத்தில் ஏறியது. ஆனால் அதே சட்டத்தில் ஓட்டைகள்: பதிலிக்குக் கிடையாது, 50 பேருக்குக் குறைந்த இடத்துக்குக் கிடையாது, சீசன் தொழிலுக்குக் கிடையாது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பும் இந்த ஓட்டைகளை அடைக்கவில்லை. குற்றாலத்தில் சீசன் தொழிலாளியைத் தள்ளிய அதே வாசலில்தான் ராஜபாளையத்துப் பதிலியும் நிற்கிறார்.

விவசாயத் தொழிலாளிக்கோ நடவும் அறுப்பும்தான் சீசன். அன்று பட்டணத்தில் வேலை போனவர்களும் ஊர் திரும்பி நூறு நாள் வேலைக்கு வரிசையில் நின்றார்கள். 2020-21-இல் அதற்கு 1 லட்சம் கோடிக்கு மேல் செலவாயிற்று. நோய் ஓயுமுன்னே அடுத்த பட்ஜெட்டில் 73,000 கோடிதான் ஒதுக்கினார்கள்!

ஆகவே நாம் கேட்பது பிச்சையல்ல. சீசன் தொழிலாளர் ஒவ்வொருவரையும் பஞ்சாயத்தில் பதிவு செய்! சர்க்கார் உத்தரவால் வேலை நின்றால் அந்த நாட்களுக்குக் கூலி கொடு! அதற்கான நிதிக்கு லாபம் பார்க்கும் காலத்திலேயே முதலாளியிடம் வசூல் செய்! லே-ஆப் சட்டத்தில் பதிலிக்கும் சீசன் தொழிலாளிக்கும் இடம் கொடு! சர்க்கார் ஜாமீனில் கடன் வாங்குகிற முதலாளி ஆட்குறைப்புச் செய்யக் கூடாதென்று நிபந்தனை போடு!

அடுத்த கொள்ளைநோய் நாள் சொல்லிவிட்டு வராது. அது வருமுன் மில் வாசலும் வயல் வரப்பும் அருவிக்கரையும் ஒரே சங்கக் கொடியின் கீழ் சேர வேண்டும். சேர்ந்தால் நஷ்டக் கணக்கை அவர்கள் மட்டும் எழுத முடியாது!