நொய்யலுக்கு யார் காவல்?

1798-இல் லண்டனின் தேம்ஸ் நதியில் காவல் படை ஒன்று தோன்றியது. கப்பல் சரக்குத் திருட்டால் நொந்த மேற்கிந்தியத் தீவு வணிகர்களே பெரும்பங்கு செலவை ஏற்றனர். முதலாண்டில் சுமார் 4,200 பவுண்டு செலவில் 1,22,000 பவுண்டு சரக்கு காக்கப்பட்டதாகக் கணக்கிட்டனர். 1800-இல் நாடாளுமன்றம் அதை அரசுப் படையாக்கியது.

பொருளாதாரம் கற்பித்த எனக்கு இதில் தெரிவது ஒன்றுதான்: இழந்தவர்களிடம் பணம் இருந்தது, காவல் வந்தது. நொய்யலில் சாயத்தொழிலின் ஆதாயம் திருப்பூருக்கு; நட்டம் கடைமடை உழவருக்கு. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமானது. சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டபோது நிலம் ஏற்கெனவே கெட்டிருந்தது.

கழிவை இரவிலும் மழையிலும் திறந்துவிடுகிறார்கள் என்பது நீண்டகாலப் புகார். எனவே கோவை முதல் கரூர் வரை ஒரே பொறுப்பில் இயங்கும் ரோந்துப் படை நொய்யலுக்கு வேண்டும். அதன் செலவை உழவரல்ல, ஆற்றில் கழிவு விடும் தொழில்களே ஏற்க வேண்டும்.