பட்டிப்பளை ஆற்றோரம் நான்கு நாட்கள்

விடுமுறை வந்துவிட்டால் எமது வீட்டிற்கு முன்னே செல்லும் பெருந்தெருவில் ஒரு காட்சியைத் தவறாமற் காணலாம். திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கமிருந்து வரும் உல்லாசப் பிரயாணிகளின் வண்டிகள், கூரைமேல் அலைச்சறுக்குப் பலகைகளைக் கட்டிக்கொண்டு, தெற்கே அறுகங்குடாவை நோக்கி விரையும். கல்முனையில் அவை நிற்பது எரிபொருளுக்கும் ஒரு கோப்பைத் தேநீருக்கும் மட்டுமே. இதனைக் குறை கூற எமக்கு உரிமை உண்டோ என்பது வேறு விஷயம். சுற்றுலா எங்கே போவோம் என்று எமது பிள்ளைகளைக் கேட்டபோது அவர்களும் நுவரெலியா என்றே கூச்சலிட்டனர். நீந்தும் யானையைக் கண்டதுண்டா என்றோம். யானை நீந்துமா என்று திருப்பிக் கேட்டனர். நாம் உண்ணும் சோறு எந்த ஆற்றின் நீரில் விளைந்தது என்று கேட்டோம். குழாயைக் காட்டாத குறைதான்.

ஆகவே நான்கு நாட்கள் எம் மாவட்டத்திற்குள்ளேயே சுற்றுவதெனத் தீர்மானித்தோம். மேலே எமது வீடு என்று எழுதிவிட்டோம். உண்மையில் அது மனைவியின் வீடு. பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பதும், மணமகன் அங்கே சென்று வாழ்வதும், தாய்வழியே குடி எண்ணுவதும் இக்கரையோரத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான பழைய வழக்கங்கள். எனவே பிரயாணத்திற்கு வீட்டுத் தலைவியாகிய மூத்தம்மாவின் அனுமதி வேண்டியிருந்தது. தம்மையும் அழைத்துச் செல்வதானால் சம்மதம் என்றார். சோற்றுப் பொதி கட்ட வாழையிலை வெட்டித் தருவதாகவும் சொன்னார். இந்தக் காலத்தில் யார் இலை வாட்டிக்கொண்டிருப்பது என்று வீட்டிலுள்ளோர் சிரித்துவிட்டு, கடையிலே விற்கும் மெல்லிய பொலித்தீன் தாளில் சோற்றைக் கட்டினர்.

முதல் நாள் ஊரிலேயே கழிந்தது. மருதமுனையில் கைத்தறிகளின் ஓசையைக் கேட்டோம். பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோயிலையும், தீமிதிப்பு நடைபெறும் இடத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டினோம். பின்னேரம் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலுக்குச் சென்றோம். நாகூரில் அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது வலியுல்லாவின் நினைவாக ஜமாதுல் ஆகிர் மாதத்தில் இங்கே பன்னிரண்டு நாள் கொடியேற்ற விழா நடைபெறுவதை வாசகர்கள் அறிவார்கள். அக்கடலைப் பார்த்தபடி மூத்தம்மா வெகுநேரம் பேசாதிருந்தார். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் வேறெந்த மாவட்டமும் அத்துணை உயிர்களை இழக்கவில்லை. பிள்ளைகள் அப்போது பிறக்கவில்லை. இருட்டும் வேளையில் காரைதீவில் சிறிது நின்றோம். 1892இல் அங்கே பிறந்து, பழந்தமிழரின் மறைந்துபோன யாழை ஆராய்ந்து, 1947இல் யாழ்நூலை வெளியிட்டு, அவ்வாண்டிலேயே மறைந்த விபுலாநந்த அடிகளைப் பற்றி மூத்த மகனுக்குப் பாடப்புத்தகத்தில் ஒரு பந்திதான் இருக்கிறதாம்.

இரண்டாம் நாள் விடியுமுன் சம்மாந்துறை வழியாக மேற்கே புறப்பட்டோம். பாதையின் இருமருங்கும் வட்டை வட்டையாக வயல். வாய்க்கால் எங்களுக்கு எதிர்த்திசையில் ஓடி வந்துகொண்டிருந்தது. இதன் மூலத்தைக் காணவே செல்கிறோம் என்று சொன்னபின் பிள்ளைகள் தூங்கவில்லை.

எம் முன்னோர் பட்டிப்பளை ஆறு என்றும், சிங்கள மக்கள் கல்லோயா என்றும் அழைக்கும் அந்த ஆற்றை இங்கினியாகலையில் இரு குன்றுகளுக்கிடையே அணை கட்டி மறித்திருக்கிறார்கள். சுதந்திரம் பெற்ற மறுவருடமாகிய 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு இவ்வேலை தொடங்கிற்று. நாட்டின் முதலாவது பிரதமரின் பெயரால் நீர்த்தேக்கம் சேனநாயக்க சமுத்திரம் எனப்படுகின்றது. சமுத்திரம் என்பது மிகையன்று. நிறைந்திருக்கும்போது அதன் பரப்பு எழுபத்தைந்து சதுரக் கிலோமீற்றருக்கு மேல். இத்திட்டத்தினால் காணி பெற்றோர் யார், பெறாதோர் யார், 1956இல் அப்பள்ளத்தாக்கில் சிந்திய இரத்தம் யாருடையது என்பனவெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் அடங்கா. ஆயினும் மறைக்கத் தக்கனவும் அல்ல.

அணை எழுந்தபோது காடு நீரில் அமிழ்ந்தது. மலைகள் அமிழவில்லை. அவற்றின் உச்சிகள் இன்று தீவுகளாக நிற்கின்றன. 1954இல் இந்நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த காடு தேசிய வனமாக்கப்பட்டது. வேட்டை மக்கள் தேனெடுத்த காடு அது. யானைகளுக்கோ, நேற்றுவரை நடந்து சென்ற வழி நீரின் அடியிற் போய்விட்டது. அவை என்ன செய்தன? நீந்தத் தொடங்கின. தீவுகளில் முளைக்கும் புல்லுக்காக அவை ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நீந்துவதைப் படகிலிருந்து காண்பதற்கென்றே உலகின் பல பாகங்களிலிருந்தும் இங்கே வருகிறார்கள்.

நாமும் கண்டோம். பட்டுப்போன மரக்கொம்புகள் நீருக்குமேல் கறுத்து நின்றன. அவற்றில் நீர்க்காகங்கள் சிறகு விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. படகோட்டி இயந்திரத்தை நிறுத்திக் கையைக் காட்டினார். முதலில் ஒரு மரக்கட்டை மிதப்பதாகவே தோன்றிற்று. கட்டையின் முனையிலே ஒரு துதிக்கை வளைந்து மேலெழுந்து மூச்சு விட்டது. உடல் முழுவதும் நீருள். தலையுச்சியும் துதிக்கை நுனியும் மட்டும் வெளியே. பின்னால் இன்னொன்று. கரையேறியதும் அவை உடலை உதறிக்கொண்டு, ஏதோ சந்தைக்கு வந்தவர்களைப் போல, அவசரமின்றிப் புல் மேயத் தொடங்கின. எமது இளைய மகள் கைதட்ட மறந்து வாய் திறந்தபடி இருந்தாள். "அல்லாஹ்வே, ஆனைக்கு ஆர் நீச்சல் படிப்பிச்ச?" என்றார் மூத்தம்மா.

மூன்றாம் நாள் தெற்குப் பிரயாணம். திருக்கோவிலைக் கடந்து, பொத்துவிலில் தங்கி, அங்கிருந்து லகுகலைக்கும் குமணைக்கும் போனோம். குமணையைப் பற்றி விரிவாக எழுத இடமில்லை. கும்புக்கன் ஆற்று நீர் தேங்கும் வில்லும், அதன் கண்டல் மரங்களிலே கூடு கட்டும் நாரையும் கரண்டிவாயனும் கூழைக்கடாவும் தனிக் கட்டுரைக்கு உரியவை. போர்க்காலத்தில் நெடுநாள் மூடிக் கிடந்த அவ்வனம் 2003இல் மீண்டும் திறக்கப்பட்டது. கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் அடியார்கள் உகந்தை முருகனைத் தொழுதுவிட்டு ஆண்டுதோறும் இக்காட்டைக் கடக்கிறார்கள்.

லகுகலையில் எம்மை நிறுத்தியது ஒரு கல். மகுல் மகா விகாரையின் இடிபாடுகளுக்கிடையே வாயிற்படியின் அடியிற் கிடக்கும் சந்திரவட்டக்கல் அது. ஐந்தாம் நூற்றாண்டிலே தாதுசேன மன்னன் எழுப்பிய விகாரை என்று அங்குள்ள பதினான்காம் நூற்றாண்டுக் கல்வெட்டுக் கூறுகிறது. சந்திரவட்டக்கற்களில் யானை வரிசை இருப்பது புதிதன்று. இங்கே யானையின்மேற் பாகனும் அமர்ந்திருக்கிறான். கல்லில் யானையைப் பார்த்துவிட்டுச் சிறிது தூரம் போனால் குளத்தில் உயிருள்ள யானை. கச்சான் காற்றில் காடு காய்ந்து கிடக்கும் மாதங்களிலும் லகுகலைக் குளத்தில் ஆளுயரப் புல் பசுமையாக நிற்பதால், அவை கூட்டமாக வந்துசேர்கின்றன. குளக்கட்டின் அப்பால் மரநிழலிற் சோற்றுப் பொதிகளை அவிழ்த்தோம். உண்டு முடிந்ததும், காட்டில் ஒரு துண்டும் போடக்கூடாதென்று இளையவள் எல்லாத் தாள்களையும் பொறுக்கி ஒரு பையில் அடக்கிக் கட்டினாள். எமக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நான்காம் நாள் திரும்பும் வழியில் உள்நாட்டுப் பாதையால் தீகவாபிக்குச் சென்றோம். கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டிலே சத்தாதிஸ்ஸ மன்னன் கட்டியதாகக் கூறப்படும் பெருந்தூபி அது, நாற்புறமும் வயல். வயலில் நின்ற முதியவர் ஒருவர், "யானை பார்க்கவா இவ்வளவு தூரம் போனீங்க? பள்ளக்காட்டுக்குப் போங்க, பகலிலேயே நிற்கும்" என்றார். அவர் சிரிக்கவில்லை.

பள்ளக்காட்டில் இருப்பது குளமன்று, குப்பைமேடு. 2008இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு அமைக்கப்பட்ட அவ்விடத்தில் அயலிலுள்ள ஒன்பது ஊர்களின் கழிவுகள் வந்து கொட்டப்பட்டன. அவற்றைத் தரம்பிரித்து மீளப் பயன்படுத்தும் வேலை நடைபெறவில்லை. சுற்றியிருந்த மின்வேலியை 2014இல் இடி தாக்கிற்று. வேலி திருத்தப்படாமையால் யானைகள் உள்ளே நுழைந்தன. அதன்பின் எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய இருபது யானைகள் அங்கே பிளாஸ்ரிக் கழிவைத் தின்று மடிந்ததாக 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உலகப் பத்திரிகைகள் எழுதின. பிரேதங்களை அறுத்துப் பார்த்த மிருக வைத்தியர்கள் வயிற்றிலே கண்டவை பொலித்தீனும் உணவுப் பொருள்களின் உறைகளும் நீருமே. புல்லோ இலையோ இல்லை. தின்றது செரிக்காது, வயிறு நிறைந்ததென்று வேறு தேடாது, ஈற்றில் எழுந்து நிற்கவும் வலுவிராது.

உயிரோடிருப்பவை குப்பையை விட்டு அகலாமல் ஊருக்குள்ளும் வரத் தொடங்கின. கதிர் முற்றும் காலத்தில் வயற்காரன் பரணிலே இரவு முழுவதும் விழித்திருந்து யானை வெடி கொளுத்துகிறான். அவனிடம் போய் யானை எம் நாட்டின் செல்வம் என்று சொல்ல எமக்கு நா எழவில்லை. அவனது விளைச்சலும் செல்வமே. மூன்று நாட்களாக நாம் கண்டு களித்த யானைக்கும் இவனைத் துரத்தும் யானைக்கும் பேதம், ஒன்று புல்லைத் தேடி நீந்திற்று, மற்றது எமது எச்சிற் சோற்றின் வாசனையைத் தேடி நடந்தது என்பது மாத்திரமே.

நாம் சென்றபோது வெயில் தாழ்ந்திருந்தது. மேட்டின் ஓரத்தில் ஒரு யானை முன்காலால் எதையோ கிளறி, துதிக்கையாற் சுருட்டி எடுத்தது. வெள்ளையாக ஒரு தாள் காற்றில் ஆடி வாய்க்குள் போயிற்று. அதில் ஒட்டியிருந்த சோற்றுக்காக அது தாளையும் தின்றது.

இளையவள் மடியிலிருந்த பையைப் பார்த்தாள். "வாப்பா, நம்மட பை எங்க போகும்?"

வண்டியில் எவரும் பேசவில்லை. மூத்தம்மாதான் யன்னற் பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் வாழையில வெட்டித் தாறனெண்டு அப்பவே சொன்னன்" என்றார்.

கல்முனை வந்து சேரும்வரை பை அவள் மடியிலேயே இருந்தது. மறுநாட் காலை குப்பை வண்டி வாசலில் வந்து நின்றபோதும் அவள் அதனைக் கொடுக்கவில்லை. நாம் இதனை எழுதும் இவ்வேளையிலும் அது சமையலறைக் கதவின் பின்னே ஓர் ஆணியிலே தொங்கிக்கொண்டிருக்கிறது.