சோறாக்க ஒரு டிப்ளமோவா என்று கேட்பவர்களுக்கு



சமுதாயக் கல்லூரிகளில் ஊட்டச்சத்துப் படிப்பு தொடங்கலாமா என்று நம் குழுவில் இரண்டு நாளாகப் பேச்சு. "சமைக்கத் தெரியாத பொம்பளை உண்டா? இதுக்கு ஒரு டிப்ளமோவா? கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுங்க" என்கிறீர்கள் சிலர். முப்பது வருடத்துக்கு மேல் உயிரியல் நடத்தியவன், வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

சமைக்கத் தெரிவது வேறு, சத்து தெரிவது வேறு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இவர்கள் வீட்டிலெல்லாம் அடுப்பே எரியவில்லையா? கீரைச் சோறு சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். எலுமிச்சை பிழிந்துகொண்டால் கூடும். இந்தச் சின்ன விஷயம் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வேலை கிடைக்குமா என்கிறீர்கள். 1956-ல் காமராஜர் மதிய உணவு தந்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். 2022-ல் காலை உணவும் வந்தது. ஊர் ஊருக்குச் சத்துணவுக் கூடம், அங்கன்வாடி, விடுதி. அங்கே நம் பிள்ளைகளுக்கு ஆக்கிப் போடுகிறவர்களுக்கு முறையான படிப்பும், சான்றிதழும், அதற்கேற்ற சம்பளமும் வேண்டாமா? வழக்கமான கல்லூரிக்குப் போக வழியில்லாதவர்களுக்குத்தானே சமுதாயக் கல்லூரி!

ஆனால் 'வெல்னஸ்' என்ற பெயரில் எதையும் உள்ளே விடக் கூடாது. பத்து நாளில் பத்து கிலோ குறைப்பேன் என்று பவுடர் டப்பா விற்கிறவர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் இடமாகக் கல்லூரி ஆகிவிடும். அதனால் மூன்று நிபந்தனை சொல்கிறேன்.

பாடம் முழுவதும் தமிழில், ராகி, கம்பு, கொள்ளு, முட்டை, மத்தி மீனை வைத்து நடக்க வேண்டும்.

பாதி நேரம் சத்துணவுக் கூடத்திலும் அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பயிற்சி வேண்டும்.

பவுடர் கம்பெனிக் காசு ஒரு பைசாகூட வாங்கக் கூடாது. படித்து முடித்தவர் சர்க்கரை நோயாளியிடம் மாத்திரையை நிறுத்தச் சொல்லவும் கூடாது. அது டாக்டர் வேலை.

இந்த மூன்றும் இருந்தால் நாளைக்கே தொடங்கட்டும். இல்லையென்றால் முதல் எதிர்ப்பு என்னுடையதுதான்.

மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள். "சோறாக்க ஒரு படிப்பா" என்று மட்டும் மறுபடியும் கேட்காதீர்கள். கேட்பவர் முதலில் ஒரு மாதம் நூறு பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட்டுவிட்டு வந்து பேசட்டும்.