காய்களைச் சுடும் வெயிலும் விருத்தாசலத்து வெள்ளை மண்ணும்

கத்திரி வெயில் என்றதும் விருத்தாசலம் வட்டார விவசாயிக்குக் கிணற்று நீர் மட்டம்தான் முதலில் நினைவுக்கு வரும். அதே வெயில் தோட்டத்தில் தொங்கும் காய்களுக்குச் செய்யும் சேதம் பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை. கொய்யா, எலுமிச்சை, மா, தர்ப்பூசணி முதலியவற்றில் காயின் ஒரு பக்கம் முதலில் வெளிறுகிறது, பிறகு பழுப்பேறுகிறது, கடைசியில் தோல் காய்ந்து குழிந்துவிடுகிறது. மண்டியில் ரகம் பிரிக்கும்போது இத்தகைய காய்கள் கழிசல் குவியலுக்குப் போகின்றன. பாடுபட்டு நீர் பாய்ச்சிய செலவு முழுவதும் செய்தாகிவிட்ட பிறகு, அறுவடைக்குச் சில வாரங்களே இருக்கையில் ஏற்படும் நஷ்டம் இது.

இதை ஏதோ நோய் என்று எண்ணி, மருந்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் பூசணக்கொல்லியை வாங்கித் தெளிப்பவர்கள் பலர். அது வீண் செலவு. வெந்த தோலில் பூசணம் பின்னால் வந்து குடியேறுவது உண்டு. ஆயினும் முதல் காயம் வெயிலால் ஏற்பட்டதே. அடையாளம் காண்பது சுலபம். காயமுற்ற காய்கள் பெரும்பாலும் மரத்தின் மேற்குப் புறத்தில், ஒரே திசையைப் பார்த்தபடி இருக்கும். இலை மறைவில் உள்ள பக்கத்துக் காய் பழுதின்றி இருக்கும். நோய் இப்படித் திசை பார்ப்பதில்லை.

இந்தச் சேதத்தை நுட்பமாக அளந்து பார்த்தவர்கள் ஆப்பிள் ஆராய்ச்சியாளர்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த ஆராய்ச்சியின்படி, ஆப்பிளின் தோல் வெப்பம் 46 முதல் 49 டிகிரி சென்டிகிரேடை எட்டி, நேர் வெயிலும் படும்போது தோல் பழுப்பேறுகிறது. 52 டிகிரியில் 10 நிமிடம் இருந்தால் தோல் செத்தே போகிறது. கவனிக்க வேண்டியது காற்றின் வெப்பத்தை அன்று, காயின் தோல் வெப்பத்தை. நேர் வெயிலில் உள்ள காயின் தோல், காற்றைவிடப் 10, 15 டிகிரி கூடுதலாகச் சூடேறிவிடும். இலையானது நீரை ஆவியாக விட்டுத் தன்னைக் குளிர்வித்துக் கொள்ளும். காய்க்கு அந்த வசதி மிகவும் குறைவு. தாங்கும் அளவு காய்க்குக் காய் வேறுபடும் என்றாலும், குளிர்நாட்டு ஆப்பிளுக்கே இந்தக் கதி என்றால் மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் கடலூர் மாவட்டத் தோட்டங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. (இவ்விஷயத்தில் பண்ருட்டிப் பலா கெட்டிக்கார மரம். காயை அடிமரத்திலேயே, தன் நிழலுக்குள்ளேயே வைத்துக் கொள்கிறது.)

வெயிலை யாரும் நிறுத்த முடியாது என்று கைகட்டி இருப்பதற்கில்லை. சேதத்தில் ஒரு பங்கு மனிதர் கையாலேயே நேருகிறது. நிழலில் வளர்ந்த காய் திடீரென வெயிலைப் பார்க்கும்போதுதான் அதிகமாக வேகிறது. காய் நிறைந்திருக்கும் மரத்தில், கோடை பிறக்கும் சமயம் பார்த்து ஆட்டுக்குத் தழை ஒடிப்பது இதற்குச் சரியான வழி செய்து கொடுப்பதாகும். பாரம் தாங்காமல் சாய்ந்த கிளைக்கு முட்டுக் கொடுக்காமல் விட்டாலும் அப்படியே. மறைந்திருந்த காய்கள் வெளியே வந்துவிடும். தாகத்தோடு நிற்கும் மரம் இன்னும் சீக்கிரம் காயமடையும். ஆகையால் தூரைச் சுற்றி மணிலாத் தோலோ, சருகோ மூடாக்காகப் போட்டு ஈரம் காப்பது அவசியம். தர்ப்பூசணியை வைக்கோலால் மூடுவதும், வாழைத்தார்க் காம்பைச் சருகால் போர்த்துவதும் முன்னோர் செய்துவந்த காரியங்களே. கூலி மிச்சம் என்று இவற்றைக் கைவிட்டவர்கள் மண்டியில் அதைவிட அதிகம் இழக்கிறார்கள்.

முந்திரியில் காயைவிட அடிமரத்துக்கே ஆபத்து. 2011 டிசம்பர் 30-ல் கரை கடந்த ‘தானே’ புயலில் இம்மாவட்டத்து முந்திரியும் பலாவும் சாய்ந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இத்தகைய புயலில் பிழைத்து நிற்கும் மரங்களும் கிளை இழந்துவிடுவதால், அதுவரை நிழலில் இருந்த பட்டை வெயிலில் வெடிக்கும். வெடித்த பட்டை இடுக்கு, தண்டுத் துளைப்பான் வண்டு முட்டையிட வசதியான இடம். கிளைகளைப் பலமாக வெட்டிவிட்ட மரத்துக்கும் இதே நிலைதான். அடிமரத்துக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்தால் பட்டை சூடேறுவது குறையும்.

காய்களுக்கும் அதுபோல ஒரு வெள்ளைப் பூச்சு உண்டு. 1990-களில் அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த விஞ்ஞானிகள், மேற்கு வர்ஜீனியாவில் உள்ள கெர்னீஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தில், சுத்திகரித்த கயோலின் களிமண்ணைத் தண்ணீரில் கரைத்துப் பழமரங்களில் தெளித்துப் பார்த்தார்கள். பூச்சிகளைத் தடுக்கத் தொடங்கிய முயற்சி அது. மரத்தின் மீது படிந்த மெல்லிய வெள்ளைப் படலம் வெயிலைத் திருப்பி அனுப்பி, காய் வேகாமலும் காத்தது. இன்று ஆப்பிள் தோட்டங்களில் 100 லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய 3 முதல் 6 கிலோ வரை கரைத்துத் தெளிக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் வறட்சிக் காலத்தில் இலை வழியே நீர் விரயமாவதைக் குறைக்க 3 சதவீதக் கயோலின் கரைசல் சிபாரிசு செய்யப்பட்டு வருகிறது.

கயோலின் என்பது வேறொன்றுமில்லை. பீங்கானுக்கு மூலப்பொருளான சீனக் களிமண்தான். விருத்தாசலத்துக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பொம்மையும் பீங்கான் சாமான்களும் சுட்டுப் பெயரெடுத்த ஊர் இது. பீங்கான் தொழிற்பேட்டை இங்கே இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிலையமும் இருக்கிறது. அருகே நெய்வேலிச் சுரங்கத்தின் மேல்மண்ணில் வெள்ளைக் களிமண் கிடைக்கிறது. முந்திரிக்கும் மணிலாவுக்கும் ‘வி.ஆர்.ஐ.’ ரகங்களைத் தந்த வேளாண் பல்கலைக்கழக மண்டல ஆராய்ச்சி நிலையமும் இதே ஊரில்தான். மண்ணை அறிந்தவர்களும் மரத்தை அறிந்தவர்களும் ஒரே ஊரில் இருக்கும்போது, தெளிப்புக்கு ஏற்ற களிமண் தூளை உள்ளூரிலேயே தயாரித்துச் சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலையில் கொடுக்க இவர்கள் ஒன்றுகூடி ஆவன செய்ய வேண்டும். வெளிநாட்டு மூட்டையை வாங்க 2 ஏக்கர் கொய்யாக்காரரால் ஆகாது.

அதற்காகச் சூளையடியில் கிடக்கும் மண்ணை அள்ளிக் கரைத்துத் தெளிக்க யாரும் முற்பட வேண்டாம். அதில் மணலும் உப்பும் இரும்பும் கலந்திருக்கலாம்; தெளிப்பான் மூக்கு அடைத்துக்கொள்ளும், இலை கருகவும் கூடும். மணல் தூசி நுரையீரலுக்குக் கேடு என்பது பீங்கான் தொழிலாளர்கள் நன்கறிந்த விஷயம். மாவைப் போல அரைத்துச் சலித்துச் சுத்தம் செய்த தூளே ஏற்றது. அதைக் கரைக்கும்போதும் மூக்கையும் வாயையும் துணியால் நன்றாகக் கட்டிக்கொள்ள வேண்டும். அடிமரத்துக்கான சுண்ணாம்பைக் காய்க்கும் இலைக்கும் தெளிப்பது அதைவிடப் பெரிய தவறு. வெள்ளை நிறம் தவிர இரண்டுக்கும் உறவில்லை.

தூள் கிடைக்கும்போதும் எடுத்த எடுப்பில் தோட்டம் முழுவதும் தெளிக்க வேண்டியதில்லை. பூ உதிர்ந்து காய் பிடித்தபின், அக்கினி நட்சத்திரத்துக்கு முன்பாகவே, மேற்கு வரிசையில் நாலைந்து மரங்களுக்கு மட்டும் தெளித்து, பக்கத்து மரங்களை அப்படியே விட்டு, கழிசல் காய்களை இரண்டிலும் எண்ணிப் பார்க்கலாம். மழை பெய்தால் பூச்சு கரைந்துவிடும், மறுபடி தெளிக்க நேரும். காயில் படிந்த வெள்ளையைக் கழுவித் துடைத்தே மண்டிக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கூலியையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால்தான் லாபமா நஷ்டமா என்பது தெரியும்.